தலையில் ஏறிய துணி: வடசென்னை நோக்கில் பரிவட்டமும் தலைக்கட்டும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சமூகத்தில் சடங்கின்போது தலையில் கட்டப்படும் துணி, அணிபவரின் தகுதியைக் காட்டும் அடையாளமாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. கோயிலில் கட்டப்படும் பரிவட்டம், ஈமச் சடங்கின் நிறைவில் கட்டப்படும் தலைப்பாகை ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டு, அத்துணி தகுதியைக் காட்டுவதோடு நில்லாமல் ஒருவரை ஊரின் கணக்கில் சேர்க்கவும் செய்கிறது என இக்கட்டுரை வாதிடுகிறது. துணி உற்பத்தியும் ஏற்றுமதியும் கோயில் மரியாதையும் ஒரே நிலப்பரப்பில் சந்தித்த வடசென்னை இவ்வாய்வின் களமாக அமைகிறது. பரிவட்டம் குடியேற்றக்காலச் சட்டத்தின்வழி உரிமைக் கோரிக்கையாக மாறியதும், தலைக்கட்டு மீனவ ஊர்களில் வரிக்கும் பங்குக்குமான அலகாக மாறியதும் ஒப்புநோக்கப்படுகின்றன. காங்கோவின் லேகா மக்களுடைய சடங்குத் தொப்பி மரபு ஒப்பீட்டுச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பரிவட்டம், தலைக்கட்டு, முதல் மரியாதை, வடசென்னை, மீனவர், அறநிலையச் சட்டம், லேகா

முன்னுரை

தலையணி குறித்த தமிழ் ஆய்வுகள் இரு திசைகளில் சென்றுள்ளன. ஒன்று, முடி, கிரீடம், மகுடம் போன்ற அரசச் சின்னங்களைப் பற்றிய கலை வரலாற்று ஆய்வு. மற்றொன்று, தலைப்பாகை, முண்டாசு, உருமால் எனப் பொதுமக்கள் அணிந்தவற்றைப் பட்டியலிடும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு. இவ்விரண்டுக்கும் இடையே, ஒருவர் தாமாகக் கட்டிக்கொள்ள இயலாத, பிறர் கையால் மட்டுமே கட்டப்பெறும் தலைத்துணி ஒன்று இருக்கிறது. கோயில் அருச்சகர் கட்டும் பரிவட்டமும், தந்தை இறந்தபின் மகனுக்குத் தாய்மாமனோ சம்பந்தியோ கட்டும் தலைப்பாகையும் அவ்வகையின. வெயிலுக்குக் கட்டிய முண்டாசை எவரும் அவிழ்க்கலாம், மீண்டும் கட்டலாம். பரிவட்டத்தையோ, தன் தலைமேல் சில நிமிடங்களே தங்கினாலும், பலர் அறிய ஒருவர் கட்டிவிட்டால்தான் பொருள் உண்டு. யார் கட்டுகிறார், யார் முன்னிலையில், எந்த வரிசையில் என்ற மூன்று வினாக்களே அதன் சமூகப் பொருளைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்று வினாக்களும் காலந்தோறும் எவ்வாறு விடை பெற்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

பரிவட்டம்: சொல்லின் இடப்பெயர்வு

‘பரிவட்டம்’ என்ற சொல் இன்று முதன்மையாக அடியவர் தலையில் கட்டப்படும் துணியையே குறிக்கிறது. கல்வெட்டு வழக்கிலோ அது இறைத் திருமேனிக்குச் சாத்தும் ஆடையாகும். ‘திருப்பரிவட்டம்’, ‘திருப்பரிசட்டம்’ ஆகிய வடிவங்கள் இறைவனின் ஆடையைச் சுட்டி வருகின்றன. அவ்வாடைக்கென நிவந்தங்கள் அளிக்கப்பட்டதையும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. சொல் இறைவன் மேனியிலிருந்து மனிதர் தலைக்கு இடம்பெயர்ந்திருப்பது பொருள் மாற்றம் மட்டுமன்று. இறைவன் உடுத்துக் களைந்தது அடியவருக்கு உரியது என்ற பிரசாத மரபின் விளைவு அது. பிரசாதமாகிய திருநீறும் தீர்த்தமும் உடலோடு கலந்துவிடுகின்றன. மலரும் மாலையும் வாடிவிடுகின்றன. பரிவட்டமோ கலப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. பெரும்பாலான கோயில்களில் அதே துணி ஒருவர் தலையிலிருந்து அவிழ்க்கப்பட்டு அடுத்தவர் தலைக்குச் செல்கிறது. ஆகவே அது ஒருவருக்கு உடைமையாவதில்லை. அவர் பெறுவது துணியை அன்று, வரிசையில் ஓர் இடத்தை.

அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கென்ரிட்ஜும் 1976இல் எழுதிய கட்டுரையில், தென்னிந்தியக் கோயிலில் தெய்வமே அரசுரிமை உடைய தலைவராகவும், வழிபாடு என்பது கொடையும் மறுபகிர்வுமாகவும் அமைவதை விளக்கினர். அவர்கள் கருத்துப்படி, மரியாதை என்பது கொடையாளருக்குத் திரும்பி வரும் பங்கு. அப்பங்கே அவருடைய அதிகாரத்தை உருவாக்குகிறது. நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையை முன்வைத்து எழுதிய 1987ஆம் ஆண்டு நூலில் இதே மரியாதை அரசரின் கையிலிருந்து நாட்டார் தலைவர்களுக்குச் செல்வதைக் காட்டினார். இவ்விரு விளக்கங்களிலும் கொடுப்பவரும் பெறுபவருமே முதன்மை பெறுகின்றனர். அத்துணி எவர் தலைக்கு ஒருபோதும் வராது என்ற வினா பின்னுக்குச் சென்றுவிடுகிறது. அதனையும் சேர்த்துப் பார்க்க வடசென்னை தக்க களமாகும்.

வடசென்னை: துணியின் நிலவியல்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் சென்னையில் இடம்பெற்றதற்குச் சோழமண்டலக் கடற்கரையின் துணியே முதன்மைக் காரணம். கோட்டைக்கு வடக்கே உருவான குடியிருப்புகளின் பெயர்களே இதற்குச் சான்று. கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூர் அருகே நெசவாளர் குடியேற்றம் ஒன்று நிறுவப்பட்டது. ‘காலெட் பேட்டை’ என்ற அதன் பெயர் மக்கள் வழக்கில் ‘காலடிப்பேட்டை’ ஆயிற்று. அங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலும் அக்குடியேற்றத்தோடு இணைத்தே பேசப்படுகிறது. செயற்கைத் துறைமுகம் அமையும் வரை, கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்குப் பொதிகளைக் கொண்டுசென்றவர்கள் மசுலாப் படகோட்டிகள்.

நெய்தல், வெளுத்தல், ஏற்றுதல் ஆகிய மூன்று தொழிலும் ஒரே கரையில் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இங்குத் துணி அளக்கப்பட்டது, தரம் பிரிக்கப்பட்டது, விலை குறிக்கப்பட்டது. அதே கரையில், தியாகராசர் கோயில் கொண்ட திருவொற்றியூரில், விலை குறிக்க இயலாத துணியும் இருந்தது. அங்கு ஆதிபுரீசுவரர் திருமேனி ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டு, கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள்கள் மட்டுமே கவசமின்றிக் காணக் கிடைக்கிறது. மூடுதலும் களைதலும் பொருள் பொதிந்த செயல்கள் என்ற உணர்வு இவ்வூர் வழிபாட்டின் மையத்திலேயே இருக்கிறது. சரக்காகிய துணியும் மரியாதையாகிய துணியும் எதிரெதிர் உலகங்கள் அல்ல. முன்னதில் ஈட்டிய செல்வமே பின்னதைப் பெறும் வழியாயிற்று.

துபாஷியரும் முதல் மரியாதையும்

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். இன்று தொழிற்சாலைகளால் அறியப்படும் மணலியைத் தம் பெயரில் தாங்கிய இவர், ஆளுநர் பிகாட்டின் துபாஷியாக இருந்தவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளை ஆதரித்தவராகத் தமிழ் இலக்கிய வரலாறு இவரை அறியும். 1757இல் கோட்டைப் பாதுகாப்பின் பொருட்டு இடிக்கப்பட்ட நகரப் பெருங்கோயிலுக்கு மாற்றாகச் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்கள் எழுந்தபோது அதற்கு முன்னின்று பொருள் திரட்டியவரும் இவரே. துபாஷியரைப் பற்றி சூசன் நீல்ட்-பாசு 1984இல் எழுதிய ஆய்வு, கம்பெனித் தொடர்பால் பெற்ற செல்வத்தை அவர்கள் கோயில் திருப்பணிகளில் செலுத்தியதை விளக்குகிறது. துபாஷியின் செல்வாக்கு ஆளுநரின் பதவிக்காலத்தோடு முடிந்துவிடக்கூடியது. கோயில் மரியாதையோ தலைமுறைக்கும் தொடரக்கூடியது. நிலையற்ற செல்வாக்கை நிலையான வரிசையிடமாக மாற்றும் வழியாகவே திருப்பணி அமைந்தது எனலாம்.

இக்காலத்தில் தலைத்துணியை வழங்கும் வேறொரு மரபும் கோட்டைக்குள் வழங்கியது. முகலாய அரசவை வழக்கான கில்அத், ‘சர்-ஒ-பா’, அதாவது தலை முதல் கால் வரையிலான ஆடைப் பரிசு, கம்பெனி ஆவணங்களில் ‘தஷ்ரீஃப்’ என்ற பெயரிலும் காணப்படுகிறது. அரசர் உடலோடு தொடர்புபடுத்திய ஆடையை அணிவதன்வழி அணிபவர் அரசரின் ஒரு பகுதியாகிறார் என்பது அதன் உட்கருத்து. ஆங்கிலேயர் அதனைப் பண்டத்துக்குப் பண்டம் கைமாறும் பரிசாகவே புரிந்துகொண்டனர் என்பது பெர்னார்டு கோன் முன்வைத்த கருத்து.

இப்புரிதல் குறைபாட்டின் கடுமையான விளைவு 1806இல் வெளிப்பட்டது. தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேலூரில் இருந்த சிப்பாய்கள் அவ்வாண்டு மே மாதம் மறுத்தனர். மறுத்தவர்கள் சென்னைக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு விசாரிக்கப்பட்டனர். இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. புரட்சியின் காரணங்கள் பல. எனினும் தலைப்பாகை அதன் முதற்பொறியாக இருந்தது தற்செயல் அன்று. அதுவரை சாதியும் சமயமும் குடும்பமும் கட்டிவந்த தலையில், அரசு ஆணையின் பெயரால் வேறொரு கை துணியைக் கட்ட முற்பட்டது. கட்டும் கை மாறினால் துணியின் பொருளும் மாறும் என்பதைச் சிப்பாய்கள் அறிந்திருந்தனர். படைத்துறை அதிகாரிகள் அதனைச் சீருடைச் செய்தியாக மட்டுமே கண்டனர்.

நீதிமன்றத்தில் பரிவட்டம்

1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணக் கோயில்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் அப்பொறுப்பிலிருந்து அரசை விடுவித்துக் குழுக்களிடம் ஒப்படைத்தது. இதன்பின் மரியாதைப் பூசல்கள் நீதிமன்றங்களை நோக்கிப் பெருமளவில் நகர்ந்தன. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலை முன்வைத்து அப்பாதுரை எழுதிய 1981ஆம் ஆண்டு நூல் இந்நகர்வை விரிவாக ஆராய்ந்துள்ளது. வழக்குகள் பூசலைத் தீர்ப்பதற்கு மாறாக, தீர்ப்பைச் சான்றாகக் காட்டும் புதிய கோரிக்கைகளை உருவாக்கின என்பது அந்நூலின் முதன்மையான முடிவுகளுள் ஒன்று.

நீதிமன்றம் எதிர்கொண்ட சிக்கல் அடிப்படையானது. உரிமையியல் நீதிமன்றம் சொத்தையும் பதவியையும் பற்றிய வழக்குகளை ஏற்கும். பரிவட்டம் சொத்தா, பதவியா? 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சொத்து அல்லது பதவிக்கான உரிமை சமயச் சடங்கைச் சார்ந்திருந்தாலும் வழக்கு உரிமையியல் தன்மை உடையதே என விளக்குகிறது. இதிலிருந்து ஒரு வேறுபாடு வளர்ந்தது. வெறும் மரியாதைக்காக வழக்குத் தொடுக்க இயலாது. கோயிற் பதவி ஒன்றுக்கு ஊதியம்போல இணைந்த மரியாதைக்காகத் தொடுக்கலாம். ஆழ்வார்திருநகரி தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1961இல் இவ்வேறுபாட்டை உறுதி செய்தது.

இதன் விளைவு எண்ணத்தக்கது. பரிவட்டத்தைக் காக்க விரும்பியவர் அதனைப் பதவியின் ஊதியமாக நிறுவ வேண்டியிருந்தது. இறைவனுக்கும் அடியவருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட உறவாக இருந்தது, பதவிக்கு உரிய வருவாய் என்ற மொழியைக் கற்றுக்கொண்டது. சட்டமன்றம் வேறொரு வழியைத் திறந்தது. 1951ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1959ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமும், ஒருவர் வழக்காறு அல்லது பிற காரணத்தால் கோயிலில் மரியாதை, ஊதியம், பேறு எதற்கேனும் உரியவரா என்பதை முடிவுசெய்யும் அதிகாரத்தைத் துறை அதிகாரிகளுக்கு அளித்தன. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதற்கானது. மூன்று சொற்களும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதே மரியாதை அடைந்த உருமாற்றத்தைக் காட்டப் போதுமானது. முன்னர் வரிசையைத் தீர்மானித்தவை ஊராரின் நினைவும் வலிமையும். இப்பொழுது வரிசை கோப்பில் பதிவாகிறது.

தலைக்கட்டு: எண்ணிக்கையாக மாறிய தலைப்பாகை

பரிவட்டம் வரிசையை உருவாக்குகிறது என்றால், அதற்கு நேர்மாறாகச் சமநிலையை உருவாக்கும் தலைத்துணியும் தமிழ் வழக்கில் உண்டு. ‘தலைக்கட்டு’ என்ற சொல் தலைப்பாகையைக் குறிக்கும். ஊருக்கு வரி செலுத்தும் குடும்ப அலகையும் அதே சொல் குறிக்கும். ‘இந்த ஊரில் இருநூறு தலைக்கட்டு’ என்றால் இருநூறு குடும்பங்கள் என்று பொருள். தலைக்கட்டு வரி என்பது கோயில் திருவிழாவுக்கும் பொதுச்செலவுக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு எனப் பிரிக்கும் தொகை. இவ்விரு பொருளும் இணையும் இடம் ஈமச் சடங்கு என்று கருதலாம். தந்தையின் கருமாதி முடிந்ததும் மகனுக்குத் தலைப்பாகை கட்டுவது பல தமிழ்ச் சமூகங்களில் இன்றும் தொடரும் வழக்கம். அக்கணத்தில் அவன் மகன் என்ற நிலையிலிருந்து குடும்பத்தின் தலை என்ற நிலைக்கு உயர்கிறான். ஊர் அவனை அவ்வாறே எண்ணத் தொடங்குகிறது.

சோழமண்டலக் கடற்கரையின் பட்டினவர் ஊர்களில் இவ்வெண்ணிக்கைக்குத் தனிச்சிறப்பு உண்டு. மீனவ ஊர்ப் பஞ்சாயத்து, கடலில் எந்த வலையை எப்போது பயன்படுத்தலாம் என்பது முதல் திருவிழாச் செலவு வரை முடிவெடுக்கும் அமைப்பு. மார்ட்டன் பாவிங்க் 2001இல் வெளியிட்ட நூல் இதன் செயல்பாட்டை விரிவாகப் பதிவு செய்துள்ளது. வரி செலுத்தும் ஆண் உறுப்பினரே ஊரின் முழு உறுப்பினர். அவருக்கே பொதுவருவாயில் பங்கும் கூட்டத்தில் சொல்லும் உண்டு. படகு உடையவருக்கும் கூலிக்குச் செல்பவருக்கும் தலைக்கட்டு ஒன்றே. கோயில் வரிசையில் முன்பின் உண்டு. தலைக்கட்டுக் கணக்கில் முன்பின் இல்லை, உள்-வெளி மட்டுமே உண்டு.

ஒப்பீடு: லேகா மக்களின் தொப்பி

காங்கோவின் கிழக்குப் பகுதியில் வாழும் லேகா மக்களின் ‘புவாமி’ அமைப்பு இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. டேனியல் பீபைக் 1973இல் வெளியிட்ட நூல் இதற்கு அடிப்படை ஆவணம். புவாமியில் ஆண்கள் படிப்படியாகத் தீட்சை பெற்று, கொங்கபுலும்பு என்ற தொடக்கநிலையிலிருந்து கிந்தி என்ற உயர்நிலை வரை செல்கின்றனர். சோழி, மணி, பொத்தான், யானைவால் மயிர் முதலியன கொண்டு செய்த தொப்பிகள் எட்டிய நிலையை உணர்த்துகின்றன. பிறப்பு மட்டும் ஒருவரை அங்குக் கொண்டுசெல்வதில்லை. உறவினரின் ஆதரவும் பொருட்செலவும் அறநெறியைக் கற்றலும் தேவை. தொப்பியை விலைகொடுத்து வாங்கித் தலையில் வைத்துக்கொள்வதால் எவரும் கிந்தி ஆவதில்லை. தீட்சை பெற்றவர்கள் கூடி அளிக்க வேண்டும். இவ்வகையில் பரிவட்டமும் புவாமித் தொப்பியும் ஒன்றே. பரிவட்டம் சில நிமிடங்களில் அவிழ்க்கப்படுகிறது, தொப்பியோ அணிந்தவரோடு தங்குகிறது என்பது வேறுபாடு.

இரு வேறுபாடுகள் மேலும் முக்கியமானவை. முதலாவது, அரசின் அணுகுமுறை. பெல்ஜியக் குடியேற்ற அரசு 1948இல் புவாமியைத் தடைசெய்தது. சென்னையில் ஆங்கிலேய அரசு பரிவட்டத்தைத் தடைசெய்யவில்லை, வழக்குப் பொருளாக்கியது. தடை ஒரு நிறுவனத்தை மறைவுக்குத் தள்ளும். வழக்கு அதனை வேறொன்றாக மாற்றும். இரண்டாவது, பெண்களின் இடம். புவாமியில் பெண்களுக்கும் தீட்சை நிலைகள் உண்டு. அவை கணவரின் நிலையோடு பிணைந்தவை எனினும், மனைவியின் தீட்சை இன்றி ஆணின் உயர்நிலை நிறைவுறுவதில்லை. தமிழ்த் தலைத்துணி மரபில் இதற்கு இணை இல்லை.

விலக்கப்பட்ட தலைகள்

பல சமூகங்களில் கைம்பெண்ணின் தாலி களையப்படுவதும் மகனின் தலையில் துணி ஏறுவதும் அதே ஈமச் சடங்கின் நிறைவு நாள்களிலேயே நிகழ்கின்றன. ஒரே இறப்பு ஒருவரை ஊர்க் கணக்கில் சேர்க்கிறது, மற்றொருவரின் அடையாளத்தைக் களைகிறது. இது சடங்கோடு நின்றுவிடுவதில்லை. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடற்கரை ஊர்களில் நிவாரணப் பொருள்கள் பெருமளவில் ஊர்ப் பஞ்சாயத்துகளின்வழித் தலைக்கட்டுக் கணக்கில் பகிரப்பட்டன. அம்முறை விரைவானது, ஊரார் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆண் தலைமை இல்லாத குடும்பங்களும் கைம்பெண்களும் அதில் விடுபட நேர்ந்ததை அக்காலக் களப்பணியாளர் பலர் சுட்டிக்காட்டினர். மீனவர் அல்லாத, கடற்கரைத் தொழிலைச் சார்ந்து வாழ்ந்த தலித் குடும்பங்களும் ஊர்த் தலைக்கட்டில் இல்லாதவர்களே.

எண்ணூர்-திருவொற்றியூர்ப் பகுதியில் இவ்வினா பழங்கதை அன்று. 2017 சனவரியிலும் 2023 திசம்பரிலும் இக்கரையில் எண்ணெய் படிந்தபோது, இழப்பீடு பெறத் தக்கவர் யார் என்ற வினா மீண்டும் எழுந்தது. கடலுக்குச் செல்லும் ஆண் மட்டுமா? முகத்துவாரத்தில் இறால் தடவும் பெண்ணும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணும் சேர்வரா? அரசுப் பட்டியலுக்கும் ஊர்க் கணக்குக்கும் இடையே இவ்வினா ஊசலாடுகிறது.

பரிவட்டத்தின் விலக்கு வேறு வகையானது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் நான்கு நாட்டு நாட்டார்களின் முதல் மரியாதையோடு பிணைந்த தேரோட்டத்தில், வடம் பிடிக்கும் உரிமையைத் தலித் மக்கள் 1990களின் இறுதியில் கோரினர். அதனைத் தொடர்ந்த பூசலில் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 2024இல் மீண்டும் ஓடியது. சடங்குகளுக்கு ‘மாற்று’ எனப்படும் தூய துணியை வழங்கும் வண்ணாரும் மரியாதை வரிசையில் முன்னிற்பதில்லை. துணியைத் தூய்மையாக்கும் கைக்கும் துணியைப் பெறும் தலைக்கும் இடையிலான தொலைவே இம்மரபின் அளவுகோல். அண்மைக் காலத்தில் சென்னை உயர்நீதிமன்றம், இறைவன் முன் அனைவரும் சமம் என்ற அடிப்படையில் முதல் மரியாதையை உரிமையாகக் கோருவதைப் பல வழக்குகளில் ஏற்க மறுத்துள்ளது. இது பரிவட்டத்தைப் பதவியின் ஊதியமாகக் கண்ட பார்வையிலிருந்து விலகும் நகர்வு ஆகும்.

முடிவுரை

பரிவட்டமும் தலைக்கட்டும் ஒரே செயலின் இரு வடிவங்கள். இரண்டிலும் பிறர் கை ஒருவர் தலையில் துணியைக் கட்டுகிறது. முன்னது வரிசையில் இடம் தருகிறது, பின்னது கணக்கில் இடம் தருகிறது. சட்டம் முன்னதை மட்டுமே கண்டது, அதனை உரிமையாக்கியது, இப்போது அவ்வுரிமையை மறுத்துவருகிறது. பின்னது பெரும்பாலும் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்று, நிவாரணம், இழப்பீடு என இன்றைய வாழ்வின் அடிப்படைப் பகிர்வுகளைத் தீர்மானித்துவருகிறது. கோயில் மரியாதை குறித்த ஆய்வுகளோடு ஒப்பிட, தலைக்கட்டு குறித்த வரலாற்று ஆய்வுகள் மிகக் குறைவு. சடங்குத் தலையணியை ஆராய்வோர் அணிந்த தலைகளைப் போலவே அணியாத தலைகளையும் எண்ண வேண்டும். வடசென்னைக் குப்பங்களின் தலைக்கட்டுக் கணக்கேடுகளும் திருவிழா வரி நோட்டுகளும் அதற்கான முதன்மைச் சான்றுகள். அவை கடலரிப்பாலும் இடப்பெயர்வாலும் அழிவதற்கு முன் தொகுக்கப்படுவது இத்துறையின் உடனடிப் பணியாகும்.